இடது கைச் சாட்டை

எங்கள் அத்தை பாட்டுக் கட்டுவாள். அப்பாவின் தங்கை, சின்ன வயதிலேயே கணவனை இழந்து, மைசூரில் எங்களோடு வந்து இருந்தாள். பெருமாள் மேல் அவள் கட்டிய பாட்டுகளைத் தெருவே மெச்சியது. அந்தப் பெருமாள் எங்கிருந்து வந்தார் என்று அறிந்தவள் நான் ஒருத்திதான். எட்டு வயதுக்கு அது பெரிய பாரம்.

அத்தையின் டிரங்குப் பெட்டி மூடியின் உட்புறம் முழுக்கத் தீப்பெட்டிப் படங்கள், சோப்புக் காகிதங்கள், ஜட்காவில் தமுக்கடித்தபடி வீசிப் போகும் சினிமா நோட்டீசுகள். எல்லாம் நான் பொறுக்கிக் கொடுத்தவை. அவற்றைப் பார்த்துக்கொண்டுதான் பாட்டை முணுமுணுப்பாள். வெள்ளிக்கிழமை கோயிலுக்கென்று என்னைக் கூட்டிக்கொண்டு கிளம்பினால், பாதி நாள் சினிமாக் கொட்டகையின் பெண்கள் பெஞ்சில்தான் போய் உட்காருவோம். எப்போதும் அதே சண்டைப் படம். கண்களைச் சுற்றிக் கறுப்புத் துணி கட்டிய ஒரு பெண் குதிரையில் பாய்ந்து வந்து சாட்டையால் விளாசுவாள், அதுவும் இடது கையால். கொட்டகையே விசிலடிக்கும். இருட்டில் அத்தையின் உதடு அசையும். அடுத்த பாட்டு தயார்.

நாட்டுக்குச் சுதந்திரம் வந்து சில வருஷம் ஆகியிருந்தும், எங்கள் வீட்டில் சினிமா என்ற சொல்லை உச்சரிக்க அப்பா விடமாட்டார். "உங்கப்பாவுக்குத் தெரிஞ்சா என்னை நஞ்சன்கூட்டுக்கே அனுப்பிடுவார். யார் கேட்டாலும் கோயில்னே சொல்லு, கொத்தாச்சா, புரிஞ்சுதா?" என்பாள் அத்தை. நஞ்சன்கூட்டில் அவள் மாமனார் வீடு. அங்கே பாட்டும் கிடையாது, வாசலில் நிற்கவும் கூடாது. அத்தை இல்லாத வீட்டுக்குப் பயந்து, யார் கேட்டாலும் கோயில் என்றே சொல்லி வந்தேன்.

அந்த நவராத்திரியில் வந்தது வினை. பொம்மை பார்க்க வந்தவர்கள் முன்னால், பெருமாளின் குதிரை வாகனத்தைப் பற்றி அத்தை கட்டிய பாட்டை அம்மா பாடினாள். அத்தை சமையலறைக் கதவோரம் நின்றாள். கறுப்புத் துணி, பாய்ச்சல், சாட்டை என்று கொட்டகைக்காரி அப்படியே கூடத்துக்குள் வந்துகொண்டிருந்தாள்! ஒன்றை மட்டும் அத்தை மாற்றியிருந்தாள். சுவாமிக்கு இடது கை ஆகுமோ? சாட்டை வலது கைக்குப் போயிருந்தது.

பாட்டு முடிந்ததும் அப்பாவின் பெரியப்பா செருமினார். "நன்னாத்தான் இருக்கு. ஆனா கண்ணைச் சுத்தித் துணி கட்டிண்டு எந்தக் கோயில்ல பெருமாள் புறப்பாடு ஆறார்?" சட்டென்று என் பக்கம் திரும்பினார். "வாராவாரம் கூடப் போறயே, நீ சொல்லு பாப்போம்."

அழுதுவிட்டால் கேள்வி போய்விடுமா என்றுகூட யோசித்தேன். கதவோரம் அத்தையின் முகம் வெளுத்திருந்தது.

அப்பாதான் பேசினார். "கவி பாடறவாளுக்குச் சொப்பனத்துல எப்படி வேணா வருவார், பெரியப்பா. துணி இருந்துட்டுப் போகட்டும்." பிறகு கதவுப் பக்கம் பார்த்து, "சாட்டைதான் தப்பு. வலது கை இல்லே, இடது கை. மாத்திடு," என்றார். சொல்லிவிட்டுச் சுண்டல் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு குனிந்துவிட்டார்.

அத்தை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினாள். அழுகிறாள் என்று பயந்து நானும் பின்னாலேயே ஓடினேன். அவள் தோள்கள் வெகுநேரம் குலுங்கிக்கொண்டிருந்தன.

எனக்கு அப்பா மேல்தான் கோபம் வந்தது. கோயிலில் பெருமாள் வலது கையில் சாட்டை பிடித்திருப்பதை நானே பார்த்திருக்கிறேன். இத்தனை வருஷம் சேவித்தும் இதைக்கூடக் கவனிக்காத மனுஷரா, கோயிலுக்குப் போனாயா போனாயா என்று எங்களைப் போட்டு விரட்டுகிறார்!