ஒட்டுக்கேட்கும் மலர்க்கொடி

“சார், இருமல் இன்னும் வுடலையா? தூதுவளை ரசம் வச்சுக் குடிங்க. ம், இப்ப நம்பர் சொல்லுங்க.”

ஜெயங்கொண்டம் தொலைபேசி நிலையத்தில் மலர்க்கொடி இணைப்புக் கொடுக்கும் அழகு இதுதான். ஊரில் யார் ரிசீவரை எடுத்தாலும் முதலில் வருவது அவள் குரல். இணைத்ததும் காதை விலக்கிக்கொள்ள வேண்டும் என்பது விதி. அது மட்டும் அவளுக்கு மறந்து மறந்து போகும். எந்த வீட்டில் பெண் பார்க்க வருகிறார்கள், எந்த அண்ணன் தம்பிக்குப் பேச்சுவார்த்தை இல்லை, எல்லாம் அத்துப்படி. “நானா கேக்குறேன்? அதுவா வந்து காதுல வுழுவுது” என்பாள். மேற்பார்வையாளர் பஞ்சநாதன் இதையெல்லாம் நம்புகிற ஆள் இல்லை. இன்னொரு தடவை பிடிபட்டால் வேலை போய்விடும் என்று சொல்லி வைத்திருந்தார்.

எண்பத்து நான்கில் அரியலூருக்கு முதலுதவி வகுப்புக்குப் போனாள். அங்கே பொம்மையின் நெஞ்சை அமுக்கியதிலிருந்து அவளுக்கு அதே பித்து. வீட்டில் தலையணை, தவிட்டு மூட்டை எதையும் விட்டுவைக்கவில்லை. புருஷன் மல்லாந்து படுப்பதையே நிறுத்திவிட்டார்.

ஒரு மத்தியானம் முந்திரி மண்டியிலிருந்து செல்லதுரை அலறினான். மண்டி முதலாளி வீரமுத்து, அவனுடைய மாமனார், பேச்சு மூச்சில்லாமல் கிடக்கிறாராம். உடனே டாக்டர் வேண்டுமாம். பக்கத்து இருக்கைக்காரி டாக்டரைப் பிடிக்கப் பார்த்தாள். மலர்க்கொடி செல்லதுரையை விடவில்லை. மாமனாரைத் தரையில் கிடத்தி, நடுநெஞ்சில் கைமேல் கை வைத்து, இரண்டு பேர் ஓர் உரலில் மாற்றி மாற்றிக் குத்துகிற வேகத்தில் அமுக்கச் சொன்னாள். மூட்டை தூக்குகிற ஒருவர் ரிசீவரை அவன் காதில் பிடித்துக்கொண்டார். வேகம் தவறாமலிருக்க இவள் மேசையில் தட்டிக்கொண்டே இருந்தாள்.

“நெஞ்சு உள்ள எறங்குதா அண்ணே?”

“மாமாவாச்சுங்களே. பதமாத்தான் அமுக்குறேன்.”

அமுக்குவதாவது, மரியாதைக்காரன் தடவிக்கொண்டிருந்தான். அவனை உசுப்புகிற சங்கதி ஒன்று மலர்க்கொடிக்குத் தெரியும். கேட்டிருக்கக் கூடாத சங்கதி. முதுகுக்குப் பின்னால் பஞ்சநாதன் வந்து நிற்கிறார். சொன்னால் வேலை போகும், சொல்லாவிட்டால் உயிர் போகும்.

“தலை தீபாவளிக்கு மோதிரம் போடுறேன்னு சொல்லி மாமா ஏமாத்திட்டாருன்னு விருத்தாசலத்து அண்ணங்கிட்ட போன்ல அழுதீங்கல்ல? அத நெனச்சு அமுக்குங்க.”

அந்தப் பக்கம் எழுந்தது பாருங்கள் ஒரு சத்தம், மண்டித் தரையே அதிர்ந்தது. ஒவ்வோர் அமுக்குக்கும் “மோதிரம், மோதிரம்” என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னான். மலர்க்கொடிக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. கை ஓய்ந்துபோனது. பஞ்சநாதன் குனிந்து, அவளுக்குப் பதிலாக மேசையில் தட்ட ஆரம்பித்தார். டாக்டரின் ஜீப் போய்ச் சேர்வதற்குள் வீரமுத்து முனகிவிட்டார்.

உடம்பு தேறியதும் மனிதர் நேராகத் தொலைபேசி நிலையத்துக்கு வந்தார். மலர்க்கொடி வாசலுக்கு ஓடினாள்.

“பாப்பா, நெஞ்செலும்பு ரெண்டு வுட்டுப்போச்சு. மாப்பிள்ளைக்கு மனசுல இம்மாங் கோவமா?” என்று ஆரம்பித்தார்.

“செத்த பேசாம இருங்க” என்றாள். பஞ்சநாதன் பார்க்கப் பார்க்க, வீரமுத்துவின் சட்டையின் மேல் காதை வைத்து, நெஞ்சு அடிப்பதைக் கேட்டுக்கொண்டே நின்றாள்.