டாக்டர் எப்ப வருவாங்க

மன்னார்குடியில் நாற்பது படுக்கைகள் கொண்ட ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ரெக்கார்ட் ரூம் என் பொறுப்பில் இருக்கிறது. ஆஸ்பத்திரியின் பெயர் இங்கே தேவையில்லை. முதல் மாடி வார்டின் இன்சார்ஜ் சிஸ்டர் கயல்விழியைப் பற்றி எழுதுகிறேன்.

கயல்விழி வடுவூருக்குப் பக்கத்தில் பிறந்தவர். அப்பாவும் அம்மாவும் பிறர் வயலில் நடவும் அறுப்பும் பார்த்து இரண்டு பெண்களைப் படிக்க வைத்தார்கள். நர்சிங் முடித்து 2005 ஜூனில் இங்கே சேர்ந்தார். 2018 ஜனவரியில் இன்சார்ஜ் ஆனார். சம்பளத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. மருந்து மாறினால் யாரையும் கேட்கும் உரிமை உண்டு. மேசைக்குப் பின்னால் ஒரு நாற்காலியும் உண்டு. மகள் நாற்காலியில் உட்கார்ந்திருப்பதைப் பார்ப்பதற்காகவே அவருடைய அப்பா ஒருமுறை இல்லாத காய்ச்சலைச் சொல்லிக்கொண்டு வந்தார். வெப்பநிலை 98.4 என்று சீட்டில் பதிவாகியிருக்கிறது.

அந்த நாற்காலிக்கு ஆபத்து வந்தது 2024 பிப்ரவரி 16, வெள்ளிக்கிழமை. எட்டாம் படுக்கையில் கண்ணுசாமி என்பவர் காலில் வந்த சர்க்கரைப் புண்ணுக்காகச் சேர்ந்திருந்தார். அவர் மனைவி அம்சம் அன்று மூன்றாம் முறையாக மேசைக்கு வந்து, "டாக்டர் எப்ப வருவாங்க?" என்று கேட்டார். கயல்விழி அப்போது வேறொருவருக்கு ரத்தம் ஏற்ற நரம்பு தேடிக்கொண்டிருந்தார்.

"டாக்டர நான் என்ன முந்தானையிலயா முடிஞ்சு வெச்சிருக்கேன்?" என்றார்.

எங்கள் நர்சுகளின் சீருடை சுடிதாரும் மேல்கோட்டும். அதில் முந்தானை கிடையாது. ஆனால் வாக்கியம் வார்டு முழுவதும் கேட்டது. அம்சம் பக்கத்துப் படுக்கைக்காரரின் போனை வாங்கி, சிங்கப்பூரில் இருக்கும் மகனிடம் சொன்னார். மகன் எங்கள் நிர்வாகி ஜெக்கரியாவைக் கூப்பிட்டு அதே வாக்கியத்தைச் சொல் மாறாமல் திருப்பிச் சொன்னார். மறுநாள் கயல்விழிக்கு மெமோ கொடுக்கப்பட்டது.

"தண்டனைன்னு நெனச்சுக்காதீங்க சிஸ்டர்," என்றார் ஜெக்கரியா. "ரெண்டு மாசம் டைம் தர்றேன். மேசையில சத்தம் கொறையலன்னா இன்சார்ஜ் வேலைய உங்களுக்கு அடுத்த சிஸ்டர் அஃப்ரீன் பாக்கட்டும். நீங்க கீழ ஸ்கேன் டோக்கன் குடுங்க. அங்க யாரும் எதும் கேக்க மாட்டாங்க."

"அங்கயும் கேப்பாங்க சார். ஸ்கேன் எப்ப எடுப்பாங்கன்னு."

இதை ஜெக்கரியா மெமோவில் சேர்க்கவில்லை.

கயல்விழியின் கணவர் இனியவன் அரசு நடுநிலைப் பள்ளி ஆசிரியர். அன்று வீட்டில் நடந்த பேச்சைக் கயல்விழி எனக்கு இப்படிச் சொன்னார்.

"இதுக்குத்தான் செயலாய்வுன்னு ஒண்ணு இருக்கு," என்றாராம் இனியவன். "உன் வேலையில எது இடிக்குதோ அத நீயே எடுத்துக்க. எவ்ளோன்னு எண்ணு. ஒண்ண மாத்து. மறுபடி எண்ணு. சரியா வரலன்னா ஏன் வரலன்னு யோசிச்சு வேறொண்ண மாத்து."

"நீங்க செஞ்சிருக்கீங்களா?"

"வருஷா வருஷம். ஸ்கூல்ல கேப்பாங்கல்ல."

"என்ன மாறிச்சு?"

"நாங்க முடிவ மொதல்லயே எழுதிருவோம்."

கயல்விழி முடிவை எழுதாமல் தொடங்கினார். அவர் எடுத்துக்கொண்ட கேள்வி இதுதான்: தன்னை இத்தனை பேர் இத்தனை முறை ஏன் ஒரே விஷயத்தைக் கேட்கிறார்கள், தனக்கு ஏன் கோபம் வருகிறது. வேலைக்கு நடுவே எழுதிக்கொண்டிருக்க முடியாது. அதனால் ஊசி மருந்துக் குப்பிகளின் பிளாஸ்டிக் மூடிகளைச் சேர்த்து வைத்தார்கள். யாராவது டாக்டர் எப்போது வருவார் என்று கேட்டால் ஒரு மூடியை டப்பாவில் போட வேண்டும். டப்பா மாலையில் என் அறைக்கு வரும், நான் எண்ணிக் குறித்து வைப்பேன்.

"திட்டினாலும் ஒரு மூடிதானாக்கா?" என்று கேட்டார் அஃப்ரீன்.

"திட்டினா ரெண்டு. நல்லா எண்ணு. நாளைக்கு இந்த நாற்காலி உனக்குத்தான்."

"எனக்கு வேணாம்க்கா. அதுல ஒரு காலு ஆடுது."

முதல் வாரம் நாளொன்றுக்குச் சராசரி தொண்ணூற்று நான்கு மூடிகள். வார்டில் இருபது படுக்கைகள்தான். இரண்டாம் வாரம் மேசைக்கு மேலே ஒரு போர்டு மாட்டினார்கள்: டாக்டர் பார்வை நேரம் காலை 11, மாலை 6. சராசரி தொண்ணூற்று ஏழு ஆனது. "பதினொண்ணுன்னு போட்ருக்கே, வந்துருவாங்களா?" என்று கேட்கச் சிலர் கூடுதலாக வந்தார்கள்.

மூன்றாம் வாரம் கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுவது என்று முடிவானது. காலையில் ஒரு நர்ஸ் படுக்கை படுக்கையாகப் போய் நேரத்தைச் சொன்னார். எண்பத்தெட்டு. ஆனால் பி.பி. பார்ப்பது தாமதமானது. போன இடத்தில் வீட்டுக் கதையும் கேட்க வேண்டியிருந்தது. அதை நிறுத்தினார்கள். மெமோவின் கெடுவில் பாதி போயிருந்தது.

அந்தச் சமயத்தில் கயல்விழியின் மாமியாருக்குப் பித்தப்பைக் கல்லுக்காகத் தஞ்சாவூரில் வேறொரு ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் நடந்தது. துணைக்கு இருக்க மூன்று நாள் விடுப்பு எடுத்தார். நான்காம் நாள் காலையில் நேராக என் அறைக்கு வந்தார்.

"நானும் கேட்டேன் சார்."

"என்னத்த?"

"டாக்டர் எப்ப வருவாங்கன்னு. எனக்குத் தெரியும், பன்னண்டு மணிக்குன்னு. தலைக்கு மேல போர்டு வேற இருக்கு. போன்ல சார்ஜ் இல்ல. நர்சு மேசையில பிளக் இருந்துச்சு, சொருகினேன். அந்தப் பொண்ணு நிமிந்து பாத்துச்சு. ஒருத்தர் மேசைக்குப் பக்கத்துல வாய மூடிட்டு நிக்கறது ஒரு மாதிரி இருக்குல்ல சார்? அதான் கேட்டேன். பதிலுக்காகக் கேக்கவே இல்ல."

"என்ன சொன்னாங்க?"

"எழுதியிருக்குல்ல, படிக்கத் தெரியாதான்னு."

இருவரும் மாடிக்குப் போய்ப் பார்த்தோம். மேசையின் சுவிட்ச் போர்டில் நான்கு போன்கள் தொங்கிக்கொண்டிருந்தன. காரணம் பழையது. போன மழைக்காலத்தில் ஐந்தாம் படுக்கைக்காரர் ஒருவர் கரண்ட் குக்கரில் கஞ்சி வைத்தார். நல்ல கஞ்சி என்று அஃப்ரீன் சொல்கிறார். ஜெக்கரியா உடனே படுக்கையருகே இருந்த எல்லா பிளக்குகளையும் பிளாஸ்திரி ஒட்டி அடைக்கச் சொன்னார். அதற்குப் பிறகு வார்டில் திறந்திருந்தது நர்சுகளின் மேசைதான். போன் வைக்க வருகிறவர் ஒரு கேள்வி, எடுக்க வருகிறவர் ஒரு கேள்வி, எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பார்க்க வருகிறவர் இன்னொரு கேள்வி. எல்லாம் மரியாதைக்கு.

கயல்விழி நிர்வாகியிடம் போய், வராந்தா ஜன்னலுக்குக் கீழே எட்டு பிளக் கொண்ட ஒரு பலகை வேண்டும் என்றார்.

"டாக்டர் வர்றதுக்கும் பிளக்குக்கும் என்ன சிஸ்டர் சம்பந்தம்?"

"அதத்தான் சார் எண்ணிப் பாக்கப் போறோம்."

பலகை வந்தது. அடுத்த முழு வாரத்தின் சராசரி முப்பத்தொன்று. ஜெக்கரியா மகிழ்ந்து, கீழ் வார்டுக்கும் அதே மாதிரி ஒரு போர்டு எழுதி மாட்ட உத்தரவிட்டார். பிளக் பற்றி உத்தரவில் எதுவும் இல்லை.

அந்த அளவில் கயல்விழி நிறுத்தியிருக்கலாம். அவர் மட்டும், "மிச்ச முப்பத்தொண்ணு யாரு சார்?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

ஏப்ரல் 9, செவ்வாய்க்கிழமை. கண்ணுசாமி அதே காலோடு மறுபடி சேர்ந்திருந்தார். கெடு முடிய எட்டு நாள். புகார் கொடுத்த குடும்பம் என்பதால் ஜெக்கரியா மாடிப்படியருகே நின்று கவனித்துக்கொண்டிருந்தார். நான் ஒரு கேஸ் ஷீட்டுக்காகப் போயிருந்தேன். அம்சம் மேசைக்கு வந்து நின்றார்.

"சார்ஜ் போடறது அந்தப் பக்கம்மா," என்றார் அஃப்ரீன்.

"எங்கிட்ட ஏது போனு? டாக்டர் எப்ப வருவாங்க?"

அஃப்ரீன் டப்பாவில் ஒரு மூடியைப் போட்டார். கயல்விழி நிமிர்ந்தார். பத்தொன்பது வருடத்தில் யாரிடமும் கேட்காத ஒன்றை அப்போது கேட்டார்.

"எதுக்கும்மா கேக்கறீங்க?"

"மூணே காலுக்கு பரவாக்கோட்ட பஸ்ஸு. அத விட்டா இருட்டிரும். ரெண்டு மாடு கட்டிக் கெடக்கு, பால் கறக்கணும். டாக்டர் சொல்றத இந்த மனுசன் காதுலயே வாங்க மாட்டாரு. நான் இருந்துதான் கேக்கணும். பதினொண்ணுன்னு எழுதியிருக்குங்கறாங்க. மணி இப்ப ஒண்ணு."

செவ்வாயும் வெள்ளியும் ஆபரேஷன் நாட்கள். டாக்டர் மாடிக்கு வர நாலு மணி ஆகும். இது எல்லா நர்சுகளுக்கும் தெரியும். போர்டில் அது இல்லை. எழுத வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

"இன்னிக்கி நாலு ஆயிரும்மா," என்றார் கயல்விழி.

"இத அன்னிக்கே சொல்லியிருந்தா நான் ஏன் மூணு தடவ வந்து பேச்சு வாங்கறேன்?"

ஜெக்கரியா ஒரு படி மேலே ஏறினார்.

"சொல்லியிருக்கணும். நான் பேசுனது தப்புதாம்மா," என்றார் கயல்விழி. "நீங்க பஸ்ஸுக்குக் கெளம்புங்க. டாக்டர் சொல்றத நான் கேட்டு வெக்கிறேன். காலையில வந்ததும் சொல்றேன்."

"மறந்துர மாட்டீங்களே?"

"மாட்டேன்."

"முந்தானையில முடிஞ்சு வெச்சுக்குங்க," என்று சொல்லிவிட்டு அம்சம் பையை எடுத்துக்கொண்டு படியிறங்கினார். ஜெக்கரியா வழிவிட்டார்.

மறுநாள் காலை கயல்விழி சொன்னார். புண் ஆறுகிறது, விரலை எடுக்க வேண்டியதில்லை, செருப்பில்லாமல் வயலில் இறங்கக் கூடாது. அம்சம் முழுவதையும் கேட்டுவிட்டு, கடைசி வார்த்தையை மட்டும் கணவரிடம் இரண்டு முறை சத்தமாகச் சொன்னார். குறை ஏதாவது இருக்கிறதா என்று ஜெக்கரியா விசாரித்தபோது, "கொறை சொன்னது எம்மவன். அவன் ஊர்ல இல்ல, அவனுக்கென்ன தெரியும்?" என்றார்.

அந்த வாரமே போர்டில் ஆபரேஷன் நாட்களின் நேரத்தைச் சேர்த்தார்கள். நோயாளி சேரும்போது, துணைக்கு இருப்பவருக்கு எத்தனை மணி பஸ் என்றும் கேட்டுக்கொள்கிறார்கள். பஸ் இருக்கும் படுக்கைகளை டாக்டர் முதலில் பார்க்கிறார். இதற்கு அவர் சம்மதிக்க இரண்டு நாள் ஆனது. மே மாதச் சராசரி பதினொன்று.

மெமோ ஏப்ரல் 17 அன்று முடித்துவைக்கப்பட்டது. காரணம் என்ற இடத்தில் ஜெக்கரியா, "அறிவிப்புப் பலகை வைக்கப்பட்டதால்" என்று எழுதியிருக்கிறார். இனியவன் இந்தச் செயலாய்வைத் தன் பள்ளிக்கு ஏற்றபடி மாற்றித் தரக் கேட்டார். கயல்விழி மறுத்துவிட்டார்.

நாற்காலி கயல்விழியிடமே இருக்கிறது. ஒரு கால் இன்னும் ஆடுகிறது. தச்சர் எப்போது வருவார் என்று நிர்வாகியிடம் இதுவரை மூன்று முறை கேட்டிருக்கிறார்.