கெலாவின் கீழுதடு

செலாயாங் மொத்தச் சந்தையில் மீன் வெட்டி வெட்டி என் கை காய்த்துப்போயிருக்கிறது. அந்தக் கையை நான் இப்போது நம்புவதில்லை.

கிள்ளானிலிருந்து ஒரு பெண் வருவாள். பல்கலைக்கழகத்தில் மீன்களை இனம் பிரிக்கிற வேலை. மூக்கைப் பொத்தாமல் என் கடையில் நிற்கிற படித்தவள் அவள் ஒருத்திதான், அதனாலேயே எனக்குப் பிடிக்கும். அவள் தேடியது கெலா. இடுப்புயரம் வளர்கிற ஆற்று மீன். அந்த ஜாதி மீன் எல்லாவற்றையும் நாங்கள் கெலா என்றே விற்கிறோம். பகாங்கில் ஓர் ஆற்றில் கிடைப்பது மட்டும் வேறு இனமாக இருக்கும் என்பது அவள் சந்தேகம்.

"கீழுதட்டுக்கு நடுவுல சின்னதா ஒரு சதை தொங்கும்க்கா. அதோட நீளத்த அளந்துதான் பிரிக்கணும். முழு மீன் ஒன்னு வேணும். பேரே இல்லாத மீனுக்கு நான் போயி எப்படிப் பாதுகாப்பு கேக்குறது?"

"உதட்டுக்கு இவ்ளோ மவுசா? லிப்ஸ்டிக் போட்டே தரேன் லா," என்று சிரித்தேன்.

இரண்டு வருஷம் காத்திருந்தோம். அந்த ஆற்றுப் பக்கமிருந்து லோரி ஓட்டிவரும் மலாய்க்காரர் ஒவ்வொரு தடவையும் கையை விரிப்பார். மேலே காட்டை அழித்ததில் ஆறு தே தாரேக் பால்டீ நிறத்தில் ஓடுகிறதாம். அப்புறம் ஒரு காலை, ஐஸ் பெட்டியிலிருந்து ஒன்றை இரண்டு கையாலும் தூக்கி என் பலகையில் போட்டார். உள்ளங்கை அகலச் செதில்கள், செம்பு நிறம். உடனே அவளுக்குப் போன் போட்டேன்.

போனைத் தோளில் இடுக்கிக்கொண்டே பேசினேன். நிறம் கேட்டாள், சொன்னேன். நீளம் கேட்டாள், சொன்னேன்.

"அக்கா, அங்க என்ன சத்தம்?"

குனிந்து பார்த்தேன். தலை தனியாகக் கிடந்தது, அதுவும் இரண்டாகப் பிளந்து. பிரிக்ஃபீல்ட்ஸ் சாப்பாட்டுக் கடைகளுக்கு மீன் தலைக் கறிக்கு இப்படித்தான் வெட்டிக் கொடுப்பேன்: தலையை நிமிர்த்தி வைத்து, உதட்டின் நடுவில் ஒரே போடு. பேச்சு சுவாரஸ்யத்தில், பாழாய்ப்போன கை தன் பாட்டுக்கு அதே வேலையைச் செய்திருந்தது.

அவள் வந்து இரண்டு பாதியையும் சேர்த்துப் பிடித்துப் பார்த்தாள். அந்தச் சதை நசுங்கிக் கூழாகியிருந்தது. அளக்க ஒன்றுமில்லை.

"சதைய டெஸ்ட் பண்ணலாம்தானே மா?"

"பண்ணலாம்க்கா. வேற இனம்னு அது சொல்லும். ஆனா பேர் வைக்க முழு உடம்பு வேணுமே."

என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டித் தொலைத்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். வாடிக்கையாளர்கள் முன்னாலேயே, வெட்கமில்லாமல் அழுதேன்.

அதற்குப் பிறகு அந்த ஆற்றிலிருந்து ஒரு கெலாவும் வரவில்லை. "தாக் அடா லாகி, காக்," என்றார் லோரிக்காரர். இனி இல்லை அக்கா என்று. நானும் அவரை நச்சரிப்பதை விட்டுவிட்டேன்.

போன மாதம் அவள் என்னைத் தன் ஆய்வகத்துக்குக் கூட்டிப் போனாள். கண்ணாடி ஜாடியில் அந்தத் தலை, நூல் போட்டுத் தைத்து. ஒட்டியிருந்த இங்கிலீஷ் சீட்டை அவளை வாசிக்கச் சொன்னேன். ஆற்றின் பெயர் இருந்தது. சந்தையின் பெயர் இருந்தது. கொடுத்தவர் என்ற இடத்தில் என் பெயர், அப்பா பெயரோடு முழுசாக. மீனின் பெயருக்கு விட்ட இடம் மட்டும் காலி.

"என் பேர அடிச்சிடு மா," என்று கெஞ்சினேன்.

"எப்படிக்கா? நம்ம ரெண்டு பேர்ல, அத முழுசா பாத்தது நீங்க மட்டும்தானே?"