வரி முனையில் ஓர் அம்பு

கணினி நிரல் எழுதிப் பிழைக்கும் நம் போன்றவர்களுக்குத் தெரியும்: உதிரியாகக் கிடப்பதை ஒன்றாகக் கோர்ப்பதிலேயே பாதி ஆயுள் போய்விடும். நாமக்கல் லாரி ஆபீஸ் ஒன்றுக்காக நான் ஊர்களைக் கோர்த்தேன். வண்டி ஓர் ஊரைத் தாண்டியதும் அதன் பெயர் வரிசையில் சேரும். வரிசையை ஒரே வரியாக்கி டிரைவர் வீட்டு செல்போனுக்கு அனுப்புவது என் நிரலின் வேலை.

ஒட்டிக்கொண்ட ஊர்கள்

முதல் நாள் பெயர்களுக்கு நடுவே எதுவும் போட மறந்துவிட்டேன். 'நாக்பூர்அடிலாபாத்நிஜாமாபாத்' என்று போனது. எனக்கென்னவோ பிடித்துத்தான் இருந்தது. வெளியே லாரிக்கு பாடி கட்டும் பட்டறைச் சத்தம். முடிவே இல்லாத ஒரே ஊருக்குள் வண்டி மிதந்து போவதாக நினைத்தபடி உட்கார்ந்திருந்தேன். லாரி முதலாளி என் திரையை எட்டிப் பார்த்தார்.

"ஏனுங்க, எறங்கி டீ குடிக்கக்கூட எடமில்லாம ஓட்டறீங்களே?"

தொங்கிய அம்பு

அடுத்து, ஒவ்வொரு பெயருக்குப் பின்னாலும் ஓர் அம்புக்குறி ஒட்டினேன். கடைசி ஊருக்குப் பின்னாலும் ஒன்று தொங்கியது. இதைச் செய்யாதவர் நம்மில் யார்?

பக்கத்துச் சேந்தமங்கலத்திலிருந்து டிரைவர் செல்வராசுவின் மனைவி வசந்தா போனில் பேசினார். அவருக்கு நிறைமாதம். பிரசவத்துக்குள் கணவர் வந்துவிட வேண்டுமே என்பதுதான் கவலை. செல்வராசுவோ ஸ்டியரிங் பிடித்தால் போன் எடுக்காத ஆள். அம்புக்கு மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன்.

"அந்தக் கடைசி அம்பப் பாத்தா வண்டி ஓடிட்டே இருக்கற மாதிரி இருக்குதுங்க சார்."

திருத்தம்

சுத்தம் பார்க்கும் புத்தி சும்மா இருக்குமா? மறுநாள், பெயர்களுக்கு நடுவில் மட்டும் அம்பு வரும்படி கோர்த்துத் தரும் 'ஜாயின்' கட்டளையைப் போட்டு ஒரே வரியில் முடித்தேன். வால் உதிர்ந்தது. கொஞ்ச நேரம் அந்த வரியையே ரசித்துக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. எடுத்ததும் வசந்தா கேட்டார்.

"கர்னூலோட அம்பு நின்னு போச்சுங்க, அவருக்கு என்ன ஆச்சுன்னு நெசத்தச் சொல்லுங்க சார்."

நாமக்கல்லுக்கு அப்பால்

வண்டி ஓடுகிறது என்று எவ்வளவோ சொன்னேன், அவர் நம்பவில்லை. என் மேலேயே எனக்கு எரிச்சல் வந்தது. கோர்த்து முடித்த வரியின் முனையில் மறுபடி ஓர் அம்பை ஒட்டி அனுப்பினேன். அதன் பிறகு அவரிடமிருந்து போன் வரவில்லை. அனந்தபூர், பெங்களூரு, தர்மபுரி, சேலம் என்று பெயர்கள் வந்துகொண்டிருக்க, நானும் அந்த வண்டியிலேயே உட்கார்ந்திருந்தேன். நாமக்கல்லில் வண்டி ஷெட்டுக்குள் போன பிறகும் வரி முனையில் அம்பு அப்படியே இருந்தது.

மறுநாள் வசந்தாவின் குரலுக்குப் பின்னால் ஒரு குழந்தை சிணுங்கியது.

"நாமக்கல்லத் தாண்டியும் அம்பு இருந்துச்சுங்க, எங்கிட்டத்தான் வாராருன்னு தெரிஞ்சு போச்சு, வலி வந்து கண்ணத் தொறந்தா கட்டிலோரமா நிக்கறாருங்க."

பிழை என்று யார் சுட்டிக்காட்டினாலும் அந்த அம்பை நான் எடுப்பதில்லை, வண்டி இன்னும் வீடு சேரவில்லை என்று சொல்லிவிடுகிறேன்.