வலக் கன்னத்துச் சிவப்பு

கொடைக்கானலில் ஒரு விடுதியின் ஆயுர்வேத அறையில் முகத்துக்கு எண்ணெய் தேய்ப்பவள் ஆனந்தி. வில்பட்டியிலிருந்து முதல் பஸ்ஸில் வருவாள். துண்டு துவைக்கத்தான் அங்கே சேர்ந்தாள். தேய்ப்பதைப் பார்த்துப் பார்த்து, தன் முகத்திலேயே தேய்த்துப் பழகினாள்: மோவாயிலிருந்து காதுக்கு, மூக்கோரத்திலிருந்து நெற்றிப்பொட்டுக்கு. குளிரில் வெளுத்த முகத்தில் விரலுக்குப் பின்னாலேயே ரத்தம் ஓடி வருவதைப் பார்க்க அவளுக்கு இன்னமும் அலுக்கவில்லை. யாருக்குச் சீக்கிரம் வருகிறது, எவ்வளவு நேரம் நிற்கிறது என்று கவனித்துக்கொண்டே இருப்பாள்.

அன்று வந்தவள் வத்தலக்குண்டு ராஜகுமாரி. மறுநாள் அவளுக்கு நிச்சயதார்த்தம். குங்குமாதித் தைலத்தை வெந்நீரில் வைத்துச் சூடாக்கி, தலைமாட்டில் நின்று தேய்த்துவிட்டாள் ஆனந்தி. சிவப்பு வந்தது. ஆனால் வலக் கன்னத்தில் மட்டும் அது அடங்காமல் ஏறிக்கொண்டே போனது.

வரவேற்பறைக்கு வந்து உட்கார்ந்தவளைப் பார்த்த விடுதிக்காரர் ஜெயச்சந்திரனுக்கு ஒரே சந்தோஷம். "பாத்தீங்களா, சர்க்குலேஷன்! பிளம்ஸ் பழம் தோத்துச்சு போங்க!"

ஆனந்திக்கு ஒப்பவில்லை. ரத்தம் வந்தால் இரண்டு பக்கமும்தானே வரும்? டீ குடித்து முடிப்பதற்குள் அடங்கியும் விடும்.

"எரியுதாங்க?"

"லேசா. மருந்து ஏறுதுன்னு சும்மா இருந்தேன். எண்ணெயில பூண்டு போடுவீங்களாக்கா? வாடை தூக்குதே!"

ஆனந்தி விரலை மூக்கருகே கொண்டுபோனாள். ஒன்றும் தெரியவில்லை. பூண்டு நடும் மாதத்தில் வில்பட்டியில் யாருக்குத்தான் தெரியும்? வீடு, பாய், சோறு எல்லாமே அந்த வாசம்தான். வெள்ளனே எழுந்து விதைப்பூண்டை உடைத்துப் பல் பிரித்துப் போட்டுவிட்டு வந்திருந்தாள். சோப்புப் போட்டுத்தான் கழுவினாள். ஆனால் வலது கட்டைவிரல் நகத்தடியில் நசுங்கிய பூண்டு ஒட்டிக் கிடந்தது. அதைக் கிள்ளித் தன் முழங்கை மடிப்பில் தேய்த்துப் பார்த்தாள். சற்றைக்கெல்லாம் சுரீரென்றது. இத்தனை வருஷமாக விரலுக்குத் தெரியாத எரிச்சல்!

சும்மா இருந்தால் ராஜகுமாரி சந்தோஷமாகப் பஸ் ஏறிவிடுவாள். விடிவதற்குள் கன்னம் கொப்புளித்துப் போகும்.

"இது ரத்த ஓட்டம் இல்லைங்க. என் கைப் பூண்டு."

ஜெயச்சந்திரனின் முகம் இரண்டு பக்கமும் சமமாகச் சிவந்தது. "ஏம்மா, நாளைக்கு அந்தப் பிள்ளைக்கு நிச்சயம்மா!"

"அதான் இப்பவே சொல்றேன். அப்புறமா திட்டுங்க, இப்ப வெரசா நல்ல துணி எடுத்துட்டு வாங்க."

தைலம் போகக் கழுவி, ஐஸ் மாதிரி இருந்த குழாய்த் தண்ணீரில் துணியை நனைத்து நனைத்துக் கன்னத்தில் வைத்தாள். கண்ணாடியில் பார்த்த ராஜகுமாரிக்குக் கண் கலங்கியது.

"ஒரு கன்னம் மட்டும் வெக்கப்பட்டா மாப்பிள்ளை வீட்டுல சிரிக்க மாட்டாங்களா?"

"சிரிச்சா சிரிக்கட்டும். நீங்க கையை வைக்காம இருங்க."

ஒரு பஸ் போனது. ஆனந்தி விடவில்லை. இன்னொன்றும் போனது. சிவப்பு ஓரத்திலிருந்து மெல்லச் சுருங்குவதை, அது எந்தப் பக்கமிருந்து முதலில் விலகுகிறது என்பதைக்கூட விடாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில் ராஜகுமாரியை ஜன்னலோரம் நிறுத்தி, இரண்டு கன்னத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள்.

"இப்பப் போங்க. நாளைக்குப் பவுடர்கூடப் போடாதீங்க."

"போட்டோவுல தெரியாதுல்லக்கா?"

"ரெண்டும் ஒண்ணாத்தான் விழும்."