திருநீற்றுச் சரை

லண்டன் ஓரத்தில், நாடு கடத்தப்படவிருப்பவர்களை அடைத்து வைக்கும் இடமொன்றில் எனக்குக் காவல் வேலை. அகதியாக வந்தவன் அகதிகளுக்குக் காவல். வீட்டில் இதைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை.

என் ஷிப்டில் இன்னொரு தமிழன் இருந்தான், தெற்கு லண்டனில் தோர்ண்டன் ஹீத்காரன். என்னிலும் இளையவன், என்னை அண்ணை என்பான். மனைவி பிள்ளைத்தாச்சி, இந்த வேலையை நம்பித்தான் குடும்பமே இருந்தது. ஓய்வறை டீவியில் ஒருநாள், முதன்முதலில் ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலில் கொண்டுபோன கைதிகளின் கதை ஓடியது. காவலுக்குப் போன படையினரிலேயே சிலர் உணவுக் களஞ்சியத்தில் கைவைத்துத் தூக்கில் தொங்கினார்களாம். சுற்றி நின்று பார்த்ததும் அவர்களுடைய கூட்டாளிகள்தான்.

"பாத்தியளே அண்ணை, கைதியை விடக் காவல்காரனுக்குத்தான் கூடச் சட்டம்," என்று சிரித்தான்.

அடுத்த வெள்ளி விம்பிள்டன் கோயிலுக்குப் போய்விட்டு வேலைக்கு வந்தவன், தாளில் மடித்த திருநீற்றுச் சரை ஒன்றை உள்ளே இருந்த யாழ்ப்பாணத்து மனிதர் ஒருவருக்குக் கொடுத்திருக்கிறான். அவருக்கு விமானம் குறித்தாகிவிட்டது. பயத்தில் கேட்டிருக்கிறார். கேட்டால் எங்கள் ஆட்களால் மறுக்க முடியாத பொருள் அது. அறையைச் சோதித்தவர்களின் கண்ணுக்கோ வெள்ளைத் தூள்!

பரிசோதித்தார்கள், சாம்பல். அத்தோடு விட்டிருக்கலாமே? இல்லை. தூளோ சாம்பலோ, காவலாளி எதையும் கொடுக்கக் கூடாதாம். எனக்குத் தலை வெடித்தது. மேலாளருக்கு விளக்கி விளக்கி வாய் நொந்ததுதான் மிச்சம். கடைசியில் அவனுடைய கதவுத் திறப்புக் கொத்தை வாங்கி, பைகளைச் சோதித்து, வாசலுக்கு வெளியே விட்டுவிட்டு வரும்படி சொன்னார். என்னைத்தான்.

அவன் சட்டைப் பையில் இன்னொரு சரை இருந்தது.

"அண்ணை, குப்பையிலை போட்டுடாதேங்கோ."

வேலை போகிறது, அப்போதும் அவனுக்கு அதுதான் கவலை. எரிச்சல் பற்றிக்கொண்டு வந்தது. அவன் மேலா, மேலாளர் மேலா, என் மேலா, தெரியவில்லை. சரையை என் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

விமானத்துக்குக் கூட்டிப்போகும் நாளில் அந்த மனிதரின் கதவைத் திறந்தேன். வெறும் நெற்றியோடு உட்கார்ந்திருந்தார்.

"அந்தத் தம்பி இண்டைக்கு வரேல்லையோ?"

"லீவு," என்றேன்.

"அவர் தந்ததைப் பறிச்சுப் போட்டாங்கள். போக முதல் இன்னும் கொஞ்சம் திருநீறு தருவார் எண்டு பாத்துக்கொண்டிருந்தனான்."

சரை என் சட்டைப் பையில்தான் இருந்தது. கை அங்கே போகவில்லை.

"வெளிக்கிடுங்கோ," என்றேன்.