சேலைக்கா, நாளுக்கா

ஹேமலதாவுக்குப் பாட்டு ஏற்றுகிற வேலை. ஆரணி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருந்த செல்போன் கடையில், மெமரி கார்டைக் கழற்றிக் கொடுத்து இருபது ரூபாய் வைத்தால் நூறு பாட்டு ஏற்றித் தருவாள். 2008ஆம் வருடம் அது. பட்டுத் தறிக்காரர்கள்தான் அதிகம் வருவார்கள். காலையிலிருந்து இருட்டும்வரை ஒரே இடத்தில் உட்கார்ந்து நெய்கிறவர்களுக்குக் காதுக்கு ஏதாவது வேண்டுமே.

நூறு பாட்டும் முடிந்த பிறகு நூற்றியொன்றாவதாக ஒன்று ஓடும். அது பாட்டில்லை, ஹேமலதாவே பேசிய பத்து நிமிடப் பேச்சு. அதற்குக் காசு கிடையாது.

பிளஸ் டூவில் வணிகவியலில் அவளுக்கு நூற்றுத் தொண்ணூற்றாறு. அந்த வருடம்தான் அப்பா இறந்தார், கல்லூரிக்குப் போகவில்லை. ஆனால் படித்தது தலைக்குள் சும்மா கிடக்கவில்லை. எதைப் பார்த்தாலும் இதன் அடக்கவிலை என்ன, இவர் ஏன் இப்படிச் செய்கிறார் என்று ஓடிக்கொண்டே இருக்கும். ஒருநாள் கடை திறக்கும் முன் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, கம்ப்யூட்டர் மைக்கில் பேசிப் பதிவு செய்தாள். சந்தவாசலுக்குப் போகும் கடைசி பஸ்ஸில் பத்துப் பேர்கூட இருப்பதில்லை. டீசல் காசுக்கே காணாது. அப்புறம் ஏன் முதலாளி அதை நிறுத்தவில்லை? காலையில் நிற்க இடமில்லாமல் அங்கிருந்து வருகிற முதல் பஸ்ஸும் அதே பஸ்தான். ராத்திரி போனால்தானே காலையில் வர முடியும்? ஒரு டிரிப்பைத் தனியாகப் பார்த்தால் நட்டம், இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் லாபம். அவ்வளவுதான் பேச்சு. நடுவில் ஒரு ஆட்டோ ஹாரனும் விழுந்திருந்தது.

அடுத்த வாரம் ஒருவர் வந்து, "யம்மா, அந்த பஸ் கத மாதிரி வேற எதுனா கீதா?" என்று கேட்டார். வாரத்துக்கு ஒன்று என்று ஆனது அப்படித்தான்.

ஏழாவது பேச்சுக்குப் பட்டுச் சேலையின் அடக்கவிலையை எடுத்தாள், மாட்டிக்கொண்டாள். நெய்து முடித்த சேலையில் நானூற்றைம்பது கிராம் பட்டு இருந்தது. அதே நானூற்றைம்பது கிராமுக்கு விலை போட்டுவிட்டாள். மறுநாளே சம்பந்தம் கடைக்கு வந்துவிட்டார். அவளுக்குப் பக்கத்து வீடு. முப்பது வருடமாக நெய்கிறவர்.

"இன்னா பாப்பா, நீ தறிக்காரன் வூட்ல தான பொறந்த? கச்சாப் பட்ட காய்ச்சினா பசை போவாதா? கிலோ குடுத்தா முக்கா கிலோ தான் திரும்பி வரும். மீதி கால் கிலோவ உன் ஓனரா தருவாரு?"

கடையில் நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள்.

எட்டாவது பேச்சை, "போன வாரம் நான் சொன்னது தப்பு" என்று ஆரம்பித்து, சம்பந்தத்தின் பெயரைச் சொல்லியே திருத்தினாள். அவருக்கு ஒரே சந்தோஷம். தெரு முழுக்கப் போட்டுக் காட்டினார். அவள் அண்ணன் ஹேமநாத்துக்கு மட்டும் அவமானம் தீரவில்லை. தங்கையின் பேச்சை அதற்கப்புறம் அவன் கேட்கவே இல்லை.

அந்த நேரத்தில்தான் அவனுக்கு ஓர் ஆர்டர் வந்தது. அதுவரை கூலிக்குத்தான் நெய்துகொண்டிருந்தான். பட்டும் ஜரிகையும் முதலாளி தருவார். சேலைக்கு எண்ணூறு ரூபாய் கூலி. இப்போது வேலூர்க் கடைக்காரர் ஒருவர், சொந்தமாகப் பட்டு வாங்கி இருபது கோர்வைச் சேலை நெய்து தரச் சொன்னார். கோர்வை என்றால் உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். கரைக்கென்று இன்னோர் ஆள் தறியில் பக்கத்தில் உட்கார்ந்து, ஊடுநூலைக் கொண்டு ஓடும் நாடாவைத் தள்ளிக் கொடுக்க வேண்டும். பட்டு, ஜரிகை, சாயம் எல்லாம் போகச் சேலைக்கு ஆயிரத்து எழுநூறு நிற்கும். முதலுக்கு மனைவி ஜெயப்ரியாவின் சங்கிலியை அடகு வைப்பது, கரைக்கு அவளையே உட்கார வைப்பது என்று ஹேமநாத் முடிவு செய்தான். வெள்ளிக்கிழமை பதில் சொல்ல வேண்டும்.

ஜெயப்ரியாவின் முடிவு வேறு. செய்யாறு பக்கம் ஒரு ஷூ கம்பெனிக்கு ஆள் எடுத்தார்கள். தெருமுனைக்கே வேன் வரும், நாளுக்கு நூற்றுப் பத்து ரூபாய். பெயர் கொடுத்துவிட்டாள். திங்கட்கிழமை சேர வேண்டும்.

"எண்ணூறு எங்க, ஆயிரத்தி எழுநூறு எங்க? ரெட்டிப்புக்கு மேல. இத வுட்டுட்டு ஷூ தைக்கப் போறாளாம்" என்றான் ஹேமநாத்.

"நானும் ஒரு சம்பளம்னு கையில வாங்கிப் பாக்கணும்னு இருக்காதாங்க?"

"சொந்த வூட்டு தறில உக்கார்றதுக்கு எவனாவது சம்பளம் குடுப்பானா?"

சாப்பிட்டுக்கொண்டிருந்த ஹேமலதா தலை நிமிர்ந்தாள். "அண்ணா, கோர்வை ஒன்னு முடிய எத்தினி நாள் ஆவும்?"

"நீ சும்மா இரு. கால் கிலோ பட்ட தொலச்சவ தான நீ."

கோளாறு எங்கே என்று ஹேமலதாவுக்குத் தெரிந்துவிட்டது. ஆரணித் தறிக்காரர்கள் சேலையில்தான் எண்ணுவார்கள். மாத வருமானம் எவ்வளவு என்று கேட்டால்கூட, "ஆறு சேலை" என்றுதான் பதில் வரும். பட்டைக் காசு கொடுத்து வாங்குகிறார்கள், அதனால் அதில் ஒரு கிராம் குறைந்தாலும் கண்டுபிடித்துவிடுவார்கள். ஆனால் நெய்கிற நாட்களை யாரும் காசு கொடுத்து வாங்குவதில்லை. வீட்டுப் பெண்ணின் நாட்களையும் அப்படித்தான்.

இதை நேராகச் சொன்னால் அண்ணன் காதில் ஏறாது. புதன்கிழமை காலையில் ஷட்டரை இறக்கிக்கொண்டு அடுத்த பேச்சைப் பதிவு செய்தாள். அதில் பட்டு என்ற சொல்லே வரவில்லை. குட்டியானை லோடு வண்டிக்காரர் ஒருவரைப் பற்றிய பேச்சு அது. தெள்ளாருக்கு ஒரு லோடு அடித்தால் அவருக்கு எழுநூறு ரூபாய் நிற்கும். ஊருக்குள் அரிசி மில் லோடு என்றால் முந்நூறுதான். எதை எடுப்பார்?

"எழுநூறுன்னு தான சொல்றீங்க? தெள்ளார் போய் வந்தா அன்னிக்கி பொழுதே பூடும். மில்லு லோடு ஒரு நாளிக்கு மூணு அடிக்கலாம், தொள்ளாயிரம். அதனால லோடுக்கு இன்னா நிக்குதுன்னு கேக்காதீங்க, நாளுக்கு இன்னா நிக்குதுன்னு கேளுங்க. கூட ஒருத்தர இட்டுகினு போனீங்கன்னா, அவரு அன்னிக்கி வேற எங்கனா போயிருந்தா இன்னா சம்பாதிச்சிருப்பாருன்னும் கேளுங்க. அதுவும் அந்த லோடோட செலவு தான்."

சாயங்காலம் சம்பந்தம் வந்து கார்டில் ஏற்றிக்கொண்டு போனார். வியாழக்கிழமை காலை சத்தத்தைக் கூட்டி வைத்துவிட்டு நெய்ய உட்கார்ந்தார். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். ஹேமநாத் வேண்டாம் என்றாலும் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

கொஞ்ச நேரத்தில் அவன் தறிச் சத்தம் நின்றது. அடுத்த அறையில் ஜெயப்ரியா தார் சுற்றிக்கொண்டிருந்தாள். நாடாவுக்குள் வைக்கும் குழலில் நூல் சுற்றுகிற வேலை அது.

"நூலு அறுந்துச்சாங்க?"

"இல்ல. கோர்வை ஒன்னுக்கு ஏழு நாள் ஆவுமா?"

"ரெண்டு பேரும் எழுந்திரிக்காம நெய்தா ஏழு."

சாக்பீஸால் சுவரில் எழுதினான். ஆயிரத்து எழுநூறு, ஏழு நாள். ஒரு நாளைக்கு இருநூற்று நாற்பத்து மூன்று, அதுவும் இரண்டு பேருக்குச் சேர்த்து. கீழே இப்போதைய கணக்கை எழுதினான். கூலிச் சேலை நாலு நாளில் முடியும், நாளுக்கு இருநூறு. சாக்பீஸ் அங்கேயே நின்றது. அப்புறம், யாரோ பிடித்துத் தள்ளியதுபோல, அதன் பக்கத்தில் நூற்றுப் பத்து என்று எழுதினான்.

ஜெயப்ரியா வந்து பின்னால் நின்றாள். "நான் போய்ட்டா தாரு சுத்த ஆள் வெக்கணும். பத்து ரூவா தள்ளிடுங்க."

முந்நூறு. ஏழு நாளுக்கு இரண்டாயிரத்து நூறு. கோர்வையில் சேலைக்கு நானூறு குறைகிறது. அடகு வட்டி இன்னும் சேரவில்லை.

வெள்ளிக்கிழமை ஹேமநாத் தங்கையின் கடைக்கு வந்து, அங்கிருந்தே வேலூருக்குப் போன் செய்தான். சேலைக்கு நானூறு ஏற்றித் தந்தால் செய்கிறேன் என்றான்.

"நூத்தம்பது வேணா தரேன். முந்தாநாளு வரைக்கும் சரின்னு தானப்பா சொல்லிகினு இருந்த?"

"அப்போ சேலைய எண்ணிகினு இருந்தேங்க. நூத்தம்பது கட்டாது, வேற ஆளப் பாருங்க."

போனை வைத்துவிட்டு மெமரி கார்டைக் கழற்றி மேசைமேல் போட்டான்.

"பழைய பாட்டா, புதுசாண்ணா?" என்றாள் ஹேமலதா.

"எதுனா போடு. கடைசீல அந்தக் கால் கிலோ பொண்ணு பேசினது அத்தினியும் இருக்கணும்."

"அதுக்கு மட்டும் காசு."

"போடி."

திங்கட்கிழமை ஆறரைக்கு ஜெயப்ரியா வேன் ஏறினாள். அன்று ஹேமநாத்தே தார் சுற்றினான். நாலு சுற்றுவதற்குள் தோள் வலித்தது, தறி சும்மா நின்றது. மத்தியானம் மூன்றாம் வீட்டுப் பாஞ்சாலையிடம் போய், நாளுக்குப் பத்து ரூபாய் தருகிறேன், வருகிறாயா என்று கேட்டான்.

"என் நாளும் நாள் தானண்ணா. நானும் அந்த வண்டிக் கத கேட்டேன். பதினஞ்சு ரூவான்னா வரேன்."

ஹேமநாத் மனசுக்குள் ஐந்து ரூபாயைக் கழித்துப் பார்த்தான். இருநூற்றுத் தொண்ணூற்றைந்து. கோர்வையைவிட அது இன்னும் மேலேதான் நின்றது.

"சரி, நாளிக்கி காலீல ஜல்தியா வா" என்றான்.